மலைநாட்டில் என்ன வெயில் என்று கேட்ட தம்பிக்கு

பெப்ரவரி 9

பண்டாரவளையிலிருந்து ஒரு தம்பி கேட்டதை அப்படியே போடுகிறேன்: "என்னிடம் நாலு வயதுக் குதிரை இருக்கிறது. ஜம்பிங் பழக்க ஆசை. கோடையில் வேலையைக் குறை என்று கொழும்புக்காரர்கள் சொல்கிறார்கள். நமக்கு மலைநாட்டில் என்ன வெயில்? ஏப்ரல் வரை தினமும் ஒரு மணித்தியாலம் ஓட்டினால் என்ன கெட்டுப்போகும்?"

எந்த மலைநாடு என்று முதலில் சொல்லுங்கள் தம்பி. நுவரெலியா 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. உங்கள் பண்டாரவளை அதைவிட அறுநூறு மீற்றருக்கு மேல் இறக்கம். பதுளை இன்னும் கீழே. கண்டி சுமார் 500 மீற்றர்தான். ஆயிரம் மீற்றர் இறங்கினால் ஆறு ஆறரை பாகை சூடு கூடும் என்பது பொதுக் கணக்கு. ஆக நுவரெலியாவில் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு ஓட்டுகிற நேரத்தில் நான் கண்டிக்குப் பக்கத்துத் திகனயில் சட்டை நனைந்து நிற்பேன். இரண்டையும் மலைநாடு என்றுதான் சொல்கிறோம்.

நான் முதலாளி ஒருவரின் குதிரைகளைப் பார்க்கிறேன், பழக்குகிறேன். இப்போது கையில் இருப்பது நாலு வயதுப் பெட்டை, செம்பட்டை நிறம், பெயர் பவுனு. போன ஆகஸ்டில் மேலேயிருந்து வந்தது. இந்தக் கோடை எங்கள் இரண்டு பேருக்கும் சேர்ந்து முதல் கோடை. எழுதிக்கொண்டே போகிறேன், உங்களுக்கு எது உதவுமோ எடுத்துக்கொள்ளுங்கள்.

பெப்ரவரி 10

நேற்று "லாயத்தில் பத்து அடிக்குப் பன்னிரண்டு அடி அறை போதுமா" என்று ஒருவர் கேட்டிருந்தார். நான் அவசரத்தில் "லயத்தில்", அதாவது தோட்டத் தொழிலாளர் வரிசை வீட்டில், என்று வாசித்து, ஒரு குடும்பமே அதில் இருக்கிறது ஐயா என்று பதில் எழுதப் போனேன். தோட்டத்தில் பிறந்தவனுக்கு ஒரு கால் எழுத்து கண்ணில் படாமல் போவது பெரிய விஷயமில்லை. குதிரைக்குப் பன்னிரண்டுக்குப் பன்னிரண்டு கொடுங்கள். மனிதருக்கு என்ன கொடுத்தார்கள் என்பதை இன்னொரு நாள் பேசுவோம்.

பெப்ரவரி 17

வேலை நேரம் பற்றி. காலை ஐந்தே முக்காலுக்குச் சேணம், ஆறரைக்கு இறக்கிவிடுவேன். அதில் பத்து நிமிடம் வெறும் நடை, பதினைந்து நிமிடம் ட்ரொட் என்கிற மெதுவான ஓட்டம், இடையிடையே நடை, கடைசியில் தரையில் போட்ட நாலு கம்புகளைத் தாண்டி நடப்பது. அதைவிட வேகமான கென்டர் வாரத்தில் இரண்டு நாள் மட்டும். ஒரு நாள் முழு ஓய்வு. ஒரு மணித்தியாலம் என்று நீங்கள் சொன்னது நாலு வயதுக்கு வெயில் இல்லாவிட்டாலும் அதிகம். முழங்கால் எலும்பின் வளரும் முனைகள் இரண்டு இரண்டரை வயதில் மூடிவிடும், அதைப் பார்த்துவிட்டு "எலும்பு முற்றிவிட்டது, ஓட்டலாம்" என்று விற்பவர்கள் சொல்வார்கள். முதுகெலும்பு முற்ற ஐந்து ஆறு வயதாகும். நாம் உட்காருவது முழங்காலில் இல்லையே.

சூடு ஏன் இவ்வளவு பெரிய பிரச்சினை என்றால், தசை எரிக்கும் சக்தியில் முக்கால் பங்கு சூடாகவே வெளியே வருகிறது. நானூறு ஐந்நூறு கிலோ உடம்பு, அந்தப் பருமனுக்குத் தோல் பரப்பு குறைவு. அதனால் குதிரை முக்கியமாக வியர்வையை நம்பி இருக்கிற பிராணி. கடும் வேலையில் ஒரு மணித்தியாலத்துக்குப் பத்து லீற்றருக்கு மேலும் வியர்க்கும். அந்த வியர்வையும் நம்முடையதைவிட உப்பு கூடியது.

எப்போது ஓட்டலாம் என்பதற்கு ஒரு கணக்கு சொல்வார்கள். வெப்பத்தைப் பரனைட்டில் எடுத்து, காற்றின் ஈரப்பதச் சதவீதத்தைக் கூட்டு. 130க்குக் கீழே என்றால் கவலையில்லை, 150க்கு மேல் கவனம், 180க்கு மேல் ஓட்டாதே. லாயக் கதவில் சோக்கட்டியால் எழுதி வைத்திருக்கிறேன்.

பெப்ரவரி 18

நேற்றுச் சொன்ன கணக்கை இன்று காலை உண்மையாகவே போட்டுப் பார்த்தேன். விடியற்காலை 70 பரனைட், ஈரப்பதம் 95. கூட்டினால் 165. பிற்பகல் மூன்று மணிக்கு 90 பரனைட், ஈரப்பதம் 50. கூட்டினால் 140. அதாவது பனி கொட்டும் விடியலில் கவனம், மண்டை பிளக்கும் மூன்று மணிக்கு அந்தக் கவனம்கூட வேண்டாம் என்று என் லாயக் கதவு சொல்கிறது. வெயில் நேரே முதுகில் விழுவதை அந்தக் கணக்கு பார்ப்பதே இல்லை. பெரிய போட்டிகளில் கறுப்பு உருண்டைக்குள் வெப்பமானி வைத்து, நிழலும் வெயிலும் காற்றும் சேர்த்து அளக்கிறார்கள். எனக்கு அந்தக் கருவிக்கு எங்கே போக. சோக்கட்டியை அழித்துவிட்டேன்.

மார்ச் 2

நல்ல செய்தி. பவுனு பதினைந்து நிமிட ட்ரொட்டுக்குப் பிறகும் முன்னைப்போல நனைவதில்லை. ஜனவரியில் சேண விரிப்பைப் பிழிந்தால் தண்ணீர் சொட்டும், இப்போது ஓரம் மட்டும் ஈரம். வெப்பத்துக்கு உடம்பு பழக இரண்டு மூன்று வாரம் ஆகும் என்று படித்திருக்கிறேன், அது நடந்துவிட்டது. முதலாளியிடமும் சொல்லிவிட்டேன், ஏப்ரலுக்குள் 80 சென்ரிமீற்றர் தாண்டும் என்று.

(இந்தக் குறிப்பை அழிக்காமல் விடுகிறேன். மார்ச் 25ஐப் பாருங்கள்.)

மார்ச் 11

ஒரு வாரமாகப் பிடிவாதம். வட்டத்தில் இரண்டு சுற்று ஒழுங்காகப் போகும், மூன்றாவதில் வாசல் பக்கம் இழுக்கும், தலையை உதறும், கடிவாளத்தைக் கடிக்கும். பல்லாக இருக்கும் என்று பட்டது. இந்த வயதில்தான் பால்பல் விழுந்து முடிகிற நேரம், கடைவாய்ப் பல்லின் தொப்பி ஒன்று பாதி கழன்று ஆடிக்கொண்டிருந்தால் கடிவாளம் படும்போதெல்லாம் வலிக்கும். நேற்றுத் தீவனத் தொட்டியில் அந்தத் தொப்பியே கிடந்தது. சதுரமாக, நடுவில் தேய்ந்து, நாலு மூலையிலும் குட்டி வேர் நீட்டிக்கொண்டு. எடுத்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன். மனைவி துவைக்கும்போது எடுத்து அலறிவிட்டாள்.

பல் போய்விட்டது, பிடிவாதமும் போகும் என்று நம்பிக்கை.

மார்ச் 13

போகவில்லை.

மார்ச் 14

ஓர் அக்கா கேட்டிருக்கிறார், வியர்த்த குதிரைக்கு உடனே தண்ணீர் காட்டலாமா என்று. என் தாத்தா துரை பங்களாவில் குதிரை பார்த்தவர். "வேர்த்த குதிரைக்குத் தண்ணி காட்டினா வயிறு புடிச்சுக்கும்" என்பது அவர் எங்களுக்குக் கொடுத்த சொத்து. காணி தரவில்லை, இதைத் தந்தார். பத்து வருடம் அதன்படி நடந்தேன். பிழை அக்கா. வேலை முடிந்த கையோடு குடிக்க விட்டால் ஒன்றும் ஆகாது, அப்போதுதான் தாகமும் நன்றாக இருக்கும். ஆறப்போட்டுவிட்டு ஒரு மணித்தியாலம் கழித்துக் காட்டினால் பல குதிரைகள் முகர்ந்துவிட்டுப் போய்விடும். உப்பும் சேர்ந்து வெளியே போய்விடுவதால் தாகம் எடுக்கவேண்டிய அளவுக்கு எடுக்காது. அதனால்தான் தினமும் தவிட்டில் இரண்டு மேசைக்கரண்டி உப்பு. சாதாரணச் சமையல் உப்பே போதும். நக்குகிற உப்புக் கட்டியை மட்டும் நம்பாதீர்கள், மாட்டுக்கு அது சரி, குதிரையின் நாக்கு அவ்வளவு சொரசொரப்பில்லை.

தண்ணீர் ஊற்றுவதும் அப்படித்தான். "சூட்டில் பச்சைத் தண்ணீர் ஊற்றினால் தசை இறுகும்" என்பதும் தாத்தா சொத்துதான். குளிர்ந்த தண்ணீரை உடம்பு முழுக்க, நிறுத்தாமல் ஊற்றுங்கள். ஊற்றி வழித்து, ஊற்றி வழித்து என்று செய்வதைவிட வழிக்காமல் ஊற்றிக்கொண்டே இருப்பது நல்லது.

தாத்தாவைக் குறை சொல்லவில்லை. கிணற்றுத் தண்ணீரை வாளியில் சுமந்தவர். குழாய் இருந்திருந்தால் அவரும் மாறியிருப்பார்.

மார்ச் 24, இரவு

கை நடுங்குவது நின்ற பிறகு எழுதுகிறேன்.

முதலாளியின் விருந்தாளிகள் மூன்று மணிக்கு வந்தார்கள். குதிரையைக் கொஞ்சம் காட்டுங்கள் என்றார். வெயில் இல்லை, மேகம் மூடி, மழைக்கு முன் வருகிற அந்த அமுக்கம். இலை அசையவில்லை. வெயிலே இல்லையே என்றுதான் நானும் ஏறினேன். பத்து நிமிட ட்ரொட், நாலு சுற்று கென்டர், பிறகு 60 சென்ரிமீற்றர் கம்பு. ஒரு முறை தாண்டியது. இரண்டாவது தடவை கம்புக்கு முன்னால் நின்றுவிட்டது. விருந்தாளிகளில் ஒருவர் சிரித்தார். நான் திருப்பிக் கொண்டுவந்து பிரம்பால் இரண்டு போட்டேன். போட்டேன் என்பதை மறைத்து எழுத முடியும், மறைக்கவில்லை. மறுபடியும் நின்றது. இந்தத் தடவை தலையை உதறவில்லை, கடிவாளத்தைக் கடிக்கவில்லை, சும்மா நின்றது.

இறங்கி முன்னால் வந்து பார்த்தபோது மூக்குத்துவாரம் இரண்டும் ஊதல் மாதிரி விரிந்து திறந்திருந்தது. விலா அடித்துக்கொண்டிருந்தது. பதினைந்து வினாடி எண்ணினேன், இருபத்தாறு மூச்சு. நிமிடத்துக்கு நூறைத் தாண்டுகிறது. ஓய்வில் எட்டிலிருந்து பதினாறுதான் இருக்க வேண்டும். கழுத்தில் கை வைத்தேன், அடுப்புக்கல் மாதிரி சூடு. ஆனால் கை நனையவில்லை. தோள் காய்ந்திருந்தது, விலா காய்ந்திருந்தது, புட்டம் காய்ந்திருந்தது. பிடரிமயிரைத் தூக்கிப் பார்த்தால் அடியில் மட்டும் ஒரு கோடு ஈரம், காதடியில் கொஞ்சம், சேணத்துக்குக் கீழே கொஞ்சம். இவ்வளவு ஓடிய குதிரையில் வேறு எங்கும் ஒரு துளி இல்லை.

வெப்பமானி 40.6 காட்டியது. சாதாரணமாக 37.5க்கும் 38.5க்கும் இடையில் இருக்கும். குழாயைத் திறந்தேன். விருந்தாளிகள் என்ன ஆயிற்று என்று கேட்டுக்கொண்டு நின்றார்கள், அந்த அம்மாவின் கையில் இருந்த தேநீரை வாங்கி வைத்துவிட்டு வாளியைக் கொடுத்தேன். அவரும் ஊற்றினார். நாற்பது நிமிடம். 39க்குக் கீழே வந்த பிறகுதான் நிறுத்தினோம். அப்போது இடி இடித்து மழை கொட்டியது. மழையிலேயே நிற்க விட்டேன், பவுனு முகத்தைத் தூக்கிக்கொண்டு நின்றது.

மார்ச் 25

மார்ச் 2இல் எழுதியது முழுப் பிழை. வெப்பத்துக்குப் பழகிய குதிரை வியர்ப்பதை இப்படி விட்டுவிடாது. முன்னைவிடச் சீக்கிரமாக வியர்க்கத் தொடங்கும். வியர்வை குறைந்தால் அது பயிற்சி பிடித்த அடையாளமில்லை, இயந்திரத்தின் தண்ணீர் தீர்ந்த அடையாளம். நான் அதைத்தான் முதலாளியிடம் பெருமையாகச் சொல்லியிருக்கிறேன்.

மார்ச் 11இல் எழுதிய பிடிவாதமும் இதுதான். மூன்றாவது சுற்றில் வாசல் பக்கம் இழுத்தது ஏன் என்று இன்று நடந்து பார்த்தேன். வாசலுக்குப் பக்கத்தில் பலாமரம், அதன் நிழல். பல் விழுந்ததும் உண்மை, அதனால் நான் வேறெதையும் தேடாமல் விட்டதும் உண்மை.

மார்ச் 29

மிருக வைத்தியர் வந்தார். கழுத்துத் தோலில் வரிசையாகச் சின்னச் சின்ன ஊசிகள், ஒவ்வொன்றிலும் ஒரே மருந்து, அளவு மட்டும் கூடிக்கொண்டே போகும். ஆஸ்துமாவுக்குக் கொடுக்கிற டெர்பியூட்டலின்தான் அது. வியர்க்கிற குதிரை என்றால் எல்லா ஊசிக்கும் அடியில் சொட்டு வழியும். அரை மணித்தியாலம் பார்த்துக்கொண்டிருந்தோம். கடைசி ஊசி போட்ட இடத்தில் மட்டும் மயிர் கொஞ்சம் ஈரமாயிற்று.

நோயின் பெயர் அன்ஹைட்ரோசிஸ். சூடும் ஈரமும் ஓயாத இடங்களில் வியர்வைச் சுரப்பி வேலை செய்து செய்து கடைசியில் கட்டளையைக் கேட்காமல் போய்விடுகிறது. வெள்ளைக்காரர்கள் இந்தப் பக்கம் கப்பலில் கொண்டுவந்த பந்தயக் குதிரைகளிலேயே இதைப் பார்த்து 'டிரை கோட்' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். இங்கேயே பிறந்த குதிரைக்கும் வரும். கண்ணைச் சுற்றி மயிர் உதிர்ந்திருந்ததை நான் உண்ணிக்கடி என்று நினைத்து எண்ணெய் தடவிக்கொண்டிருந்தேன், அதுவும் இதன் வேலைதான்.

மருந்து? நிச்சயமாகக் குணமாக்கும் மருந்து இல்லை என்றார். மின்விசிறி, தண்ணீர், உப்பு, வேலை நிறுத்தம், முடிந்தால் குளிரான இடம். ஆகஸ்டில் விற்றவர்களுக்குத் தொலைபேசி எடுத்தேன். "ஆமாம், முன்பு ஒரு கோடையில் கீழே வைத்திருந்தபோது கொஞ்சம் மூச்சு வாங்கும்" என்றார்கள். கொஞ்சம் மூச்சு வாங்குமாம்.

ஏப்ரல் 5

பவுனுவை நுவரெலியாவுக்கு ஏற்றிவிட்டோம். சீசன் நெரிசலுக்குப் பயந்து இரவு பதினொரு மணிக்குப் புறப்பட்டு, கம்பளை, புசல்லாவ, றம்பொடை வழியாக. றம்பொடை வளைவுகளில் லொறி முதல் கியரில் முனகும், பின்னால் பவுனு ஒவ்வொரு வளைவிலும் காலை மாற்றி மாற்றி ஊன்றும் சத்தம் கேட்கும். ஜன்னலைத் திறந்து வைத்திருந்தேன். புசல்லாவ தாண்டியதும் சாரதி மூடச் சொன்னார். நான் மூடவில்லை. மேலே போய்ச் சேரும்போது அவருக்குப் பல் கிட்டியது, பவுனுவின் மூச்சு நிமிடத்துக்குப் பதினாறு.

முதலாளி ஒன்றும் சொல்லவில்லை. 80 சென்ரிமீற்றர் பற்றி மட்டும் ஒரு முறை கேட்டார், பிறகு கேட்கவில்லை.

ஏப்ரல் 16

புத்தாண்டு முடிந்தது. நல்ல நேரத்துக்கு வெடித்த பட்டாசில் பக்கத்து அறைக் குதிரை கதவை உதைத்துப் பெயர்த்துவிட்டது. பவுனு காதை மட்டும் திருப்பியது, புல்லை விடவில்லை. அதற்கு இந்த வருடம் பயமெல்லாம் தீர்ந்துவிட்டது போல.

இங்கே ஒரு பெரியவர் இருக்கிறார், பந்தயக் குதிரைகளோடு நாற்பது வருடம். 1875இல் அமைத்த பந்தயத் திடல் இது, அதில் பாதிக் காலத்தைத் தான் நேரில் பார்த்ததாகச் சொல்வார், கணக்கு இடிக்கும், கேட்கக் கூடாது. வியர்க்காத குதிரைக்குத் தினம் மாலை ஒரு போத்தல் கறுப்பு பியர் ஊற்றினால் பத்து நாளில் வியர்க்கும் என்கிறார். வேறு நாடுகளிலும் இந்தக் கைவைத்தியம் உண்டு என்று வைத்தியரே சொன்னார், பலன் உண்டென்று சொல்லவில்லை. மூன்று நாள் வாங்கிக் கொடுத்தேன். நாலாவது நாள் எட்டிப் பார்த்தால் பவுனுவின் வாளியில் கால் போத்தல், மீதி பெரியவரிடம். அவருக்கு நன்றாக வியர்த்திருந்தது.

ஒருவர் கேட்டார், வெப்பநாட்டுக் குதிரையால் பெரிய போட்டிக்குப் போகவே முடியாதா என்று. எல்லாக் குதிரைக்கும் இந்த நோய் வருவதில்லை ஐயா. டோக்கியோ ஒலிம்பிக்கில், 2021 கோடையில், இலங்கைக்காக மதில்டா கார்ல்சன் ஜம்பிங்கில் இறங்கினாரே. அந்தப் போட்டிகளை மாலையில் விளக்கு வெளிச்சத்தில்தான் வைத்தார்கள், குதிரைகள் வெளியே வந்ததும் நீர்த்தூவல் விசிறி. அவ்வளவு பணமும் கருவியும் உள்ளவர்களே நேரத்தை மாற்றினார்கள். நான் மூன்று மணிக்கு ஏறினேன்.

ஏப்ரல் 28

மூன்று வாரம் நடை மட்டும். கையில் பிடித்துக்கொண்டு ஏரிப் பக்கம் போய் வருவோம். சுற்றுலா வந்தவர்கள் சவாரி எவ்வளவு என்று கேட்கிறார்கள். இன்று காலை முதல் முறையாக எட்டு நிமிடம் ட்ரொட். இறங்கிக் கழுத்தைத் தொட்டேன். ஒன்றும் இல்லை. தோளைத் தொட்டேன். முழங்கைக்குப் பின்னால், வார் இருந்த இடத்துக்குக் கொஞ்சம் மேலே, உள்ளங்கை அகலத்துக்கு ஈரம். பனியாக இருக்கும் என்று துண்டால் துடைத்துவிட்டுக் காத்திருந்தேன். திரும்பவும் வந்தது.

முழுசாக வருமா தெரியாது. குளிரில் சுரப்பி திரும்பினாலும் மறுபடி கீழே கொண்டுபோனால் திரும்பவும் நிற்கலாம் என்று வைத்தியர் முன்பே சொல்லிவிட்டார். ஆக என் வேலை திகனயில், என் குதிரை நுவரெலியாவில். பஸ்ஸில் ஏறி இறங்கி நானும் பழகிக்கொள்கிறேன்.

மே 20

பண்டாரவளைத் தம்பி எழுதியிருக்கிறார், "அண்ணன், என் குதிரை நன்றாக வியர்க்கிறது, அப்போ ஒரு மணித்தியாலம் ஓட்டலாம்தானே?"

வியர்ப்பது நல்லது தம்பி. வயது இன்னும் நாலுதான். அரை மணித்தியாலம், காலையில். ஜூன் ஜூலையில் உங்கள் ஊவாப் பக்கம் கச்சான் காற்று வீசும்போது தோல் உடனே காய்ந்துவிடும், வியர்த்ததே தெரியாது. அப்போது காய்ந்த உப்புக் கோடு இருக்கிறதா என்று பிடரியின் ஓரத்தில் பாருங்கள். ஒரு வெப்பமானி வாங்குங்கள், குதிரைக்கு அதை ஆசனவாயில்தான் வைப்பது. அதன் முனையில் நூல் கட்டி, நூலின் மறுமுனையில் துணி கவ்வும் கிளிப் போட்டு வாலில் மாட்டுங்கள், இல்லாவிட்டால் உள்ளே போய்விடும். எப்படித் தெரியும் என்று கேட்காதீர்கள்.